டயாலிசிஸ் தொடங்கிய வீட்டில் என்ன சமைப்பது?

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி நான்கு மாதம் ஆன பிறகும் எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் பழைய தாள் ஒன்று ஒட்டியபடியே இருந்தது. சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகிக்கொண்டிருந்த காலத்தில் கொடுத்த தாள் அது. இறைச்சியைக் குறை, முட்டையைக் குறை, பருப்பைக் குறை என்று இருக்கும். நாங்களும் பயபக்தியோடு அதையே பின்பற்றினோம். காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் இரண்டு துண்டு பூசணியும், இரவில் ரசம். தராசில் எடை 52 கிலோவிலேயே நின்றது. ஆனால் கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. ஒருநாள் டயட்டிஷியன் அம்மாவின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பார்த்தார். சதை இருக்க வேண்டிய இடத்தில் குழி இருந்தது. "வீட்டில் என்ன கொடுக்கிறீங்க?" என்று கேட்டார். நான் பெருமையோடுதான் சொன்னேன்.

அது நடந்து ஏழு வருடம் ஆகிறது. இப்போது மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை, பட்டர்வொர்த் பக்கம் யார் வீட்டிலாவது டயாலிசிஸ் தொடங்கினால் எனக்குப் போன் வரும். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன கொடுக்கக் கூடாது?" என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. நான் மருத்துவர் இல்லை, சமைக்கிற மகள். கீழே வரும் எண்கள் பொதுவானவை. உங்கள் வீட்டு ஆளுக்கு அவருடைய டாக்டரும் டயட்டிஷியனும் சொல்கிற எண்தான் கணக்கு.

பழைய தாளைக் கிழித்துவிடுங்கள்

டயாலிசிஸுக்கு முன்னால் புரதத்தைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புரதம் செரித்து வரும் கழிவை வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் திணறும். டயாலிசிஸ் தொடங்கியதும் அந்த வேலையில் ஒரு பங்கை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் கழிவோடு நல்லதும் சேர்ந்து போகிறது. நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுவதற்குள் ஏறத்தாழ 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் கூறுகள், ரத்தத்திலிருந்து போய்விடும். வாரம் மூன்று தடவை இப்படி. அதை ஈடுகட்டாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும். அதனால்தான் முன்பு குறைக்கச் சொன்னவர்களே இப்போது கூட்டச் சொல்கிறார்கள். வீட்டில் பலருக்கு இது மண்டையில் ஏறுவதில்லை. எங்கள் சித்தி இன்னும் நம்பவில்லை.

அடுத்த வேலை, டயட்டிஷியனைப் பார்ப்பது. அரசு மருத்துவமனையில் சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்டால் எழுதிக் கொடுப்பார். அறநிறுவனமோ தனியாரோ நடத்தும் சென்டருக்குப் போகிறவர்கள் அங்கே டயட்டிஷியன் வருவதுண்டா என்று நர்ஸிடம் கேளுங்கள். போகும்போது கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள், மருந்துப் பட்டியல், மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிய காகிதம் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். அந்த மூன்று நாளில் ஒன்று டயாலிசிஸ் நாளாகவும் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில்தான் உண்மை வெளியே வரும்.

அங்கிருந்து திரும்பும்போது ஐந்து விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: டிரை வெயிட் (தேங்கிய தண்ணீர் போன பிறகு இருக்க வேண்டிய எடை) எவ்வளவு, ஒரு நாளைக்குத் தண்ணீர் எவ்வளவு, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் (அதாவது பாஸ்பரஸ்), அல்புமின் என்ற புரதம் ஒவ்வொன்றும் எவ்வளவு. பொட்டாசியம் சென்டருக்குப் போகுமுன் எடுத்த ரத்தத்தில் 5.5-க்குள் இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. அல்புமின் லிட்டருக்கு 40 கிராம் பக்கம் இருந்தால் நல்லது. அம்மாவுக்கு அன்றைக்கு 29. அல்புமின் குறைவதற்குச் சாப்பாடு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, உடம்பில் எங்காவது தொற்று இருந்தாலும் இறங்கும். அதனால் சமைக்கிறவர் தன்னையே நொந்துகொள்ளத் தேவையில்லை.

புரதம்: நாள் முழுக்கப் பிரித்துப் போடுங்கள்

பொதுவான அளவு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம். 52 கிலோ அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 52 முதல் 62 கிராம். கேட்க மலைப்பாக இருக்கும். தட்டில் போட்டுப் பார்த்தால் அவ்வளவு இல்லை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இவ்வளவுதான். ஒரு முட்டை 6 கிராம். வெள்ளைக்கரு மட்டும் என்றால் மூன்றரை. வெந்த கோழியோ மீனோ தீப்பெட்டி அளவுத் துண்டு 7 கிராம். நடுத்தரமான கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) ஒன்று முழுதாக 14 கிராம். ஒரு கப் சோறு 4, ஒரு தோசை ஏறக்குறைய 3.

எங்கள் வீட்டில் ஒரு நாள் இப்படிப் போகும். காலையில் இரண்டு தோசை, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு இரண்டு. மத்தியானம் சோறு, ஒரு கெம்போங் மீன் பொரித்தோ லேசாகக் குழம்பு வைத்தோ, வேகவைத்து வடித்த ஒரு காய். மாலையில் ரொட்டி இரண்டு துண்டு. இரவில் சப்பாத்தியும் தீப்பெட்டி அளவில் இரண்டு கோழித் துண்டும். படுக்கும் முன் ஒரு முழு முட்டை, சில நாள் ஆம்லெட்டாக. கூட்டினால் 60 பக்கம் வந்துவிடும்.

வெள்ளைக்கருவை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம், அதில் பாஸ்பரஸ் அநேகமாக இல்லை, விலையும் குறைவு. முட்டை நாற்றம் பிடிக்காதவர்கள் மிளகுத்தூளும் வெங்காயமும் போட்டுப் பொரியல் மாதிரி செய்யலாம், இட்லி உப்புமாவில் கலந்துவிடலாம். அம்மா ஒரு கட்டத்தில் முட்டையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரசத்தில் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றி நூல் நூலாக விட்டேன். சீனர் கடை சூப் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் குடித்துவிட்டார். அந்த ரசத்தையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்தேன், அது வேறு கதை.

சைவக்காரர்களுக்கும் வழி இருக்கிறது. தௌஃபு, தேம்பே, ஃபூ சோக் மாதிரி சோயா வகைகள், பருப்பு. பருப்பில் பாஸ்பரஸ் இருந்தாலும் அதில் பாதியளவுதான் உடம்பில் சேரும். ஆகவே பருப்பை அடியோடு விலக்கிவைக்கும் பழைய பழக்கம் தேவையில்லை, அளவோடு போதும். சிக்கல் வருவது புரட்டாசியில். மாதம் முழுக்கச் சைவம் என்று அதுவரை சாப்பிட்ட மீனையும் கோழியையும் நிறுத்திவிட்டு, இடத்தை நிரப்பக் கடையில் விற்கும் பாக்கெட் சைவ இறைச்சியை வாங்குவார்கள். அதில் பல உப்பு மூட்டை. விரதம் இருக்க ஆசைப்படுகிறவர் சனிக்கிழமை மட்டும் இருக்கலாம், மாதம் முழுக்க இருப்பதானால் முன்கூட்டியே டயட்டிஷியனிடம் கேட்டு, தினமும் தௌஃபுவோ தேம்பேயோ இரண்டு வேளையாவது தட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டை சேர்த்துக்கொள்ள வீட்டில் சம்மதித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வயிற்றில் தண்ணீர் விட்டு எடுக்கும் முறையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் புரதம் தினமும் கசிகிறது, எனவே அவர்களுக்கும் புரதம் கூடுதலாகத்தான் வேண்டும். அந்தத் திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் சர்க்கரையும் எடையும் ஏறும். தினமும் செய்வதால் பொட்டாசியத்தில் கெடுபிடி பொதுவாகக் குறைவு. இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஹீமோடயாலிசிஸ் முறையில் இருக்கும் பக்கத்து வீட்டு ஆளின் பட்டியலைப் பார்த்து அப்படியே பின்பற்றாதீர்கள்.

சோறும் எண்ணெயும்

புரதம் மட்டும் போட்டால் போதாது. மொத்தச் சாப்பாடு குறைந்தால் சாப்பிட்ட புரதத்தையே உடம்பு விறகாக எரித்துவிடும். ஒரு கிலோ எடைக்கு 25 முதல் 35 கலோரி என்பது கணக்கு. நீரிழிவு இல்லாதவருக்குச் சோறு, எண்ணெய், கொஞ்சம் இனிப்பு எல்லாம் இங்கே நண்பர்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அப்போது ஆரஞ்சு ஜூஸ் கொடுக்காதீர்கள், பொட்டாசியம். சீனித் தண்ணீர் சிறிய அளவில் அல்லது குளுக்கோஸ் போதும்.

பசியே இல்லாதவர்களுக்கு நெப்ரோ மாதிரி சிறுநீரக நோயாளிகளுக்கென்றே வரும் பால் பவுடர்கள் உண்டு. விலை சுடும். வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். டயாலிசிஸ் செய்கிறவருக்கு ஹெச்பி, அதாவது புரதம் அதிகம். இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவருக்கு எல்பி, புரதம் குறைவு. ஒரு மருந்துக் கடையில் "கிட்னிக்கு" என்று கேட்டதும் எல்பி டப்பாவை எடுத்துக் கொடுத்தார்கள், நானும் ஒரு மாதம் அதையே கலக்கிக் கொடுத்தேன். பழைய தாள் டப்பா வடிவில் திரும்பி வந்த மாதிரி.

டயாலிசிஸ் நாள்

பெரும்பாலானவர்கள் குறைவாகச் சாப்பிடுவது இந்த நாளில்தான். காலை ஷிப்ட் என்றால் ஐந்து மணிக்கே கிளம்புவார்கள், வெறும் வயிற்றில். திரும்பி வந்ததும் களைப்பில் படுத்துவிடுவார்கள். மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு. ஒரு வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போனால் எங்கே சதை நிற்கும்?

முந்தின நாள் இரவே இரண்டு முட்டை அவித்து வையுங்கள். வெள்ளைக்கரு சாண்ட்விச் ஒன்று பையில் இருக்கட்டும். நாற்காலியில் இருக்கும்போதே சாப்பிடலாமா என்பது சென்டருக்குச் சென்டர் மாறும். சாப்பிட்டதும் ரத்த அழுத்தம் இறங்குகிறவர்கள் உண்டு, அவர்களை முடிந்த பிறகே சாப்பிடச் சொல்வார்கள். அம்மாவுக்கு வண்டியில் ஏறியதும் சாண்ட்விச் கைக்குப் போகும். வீட்டுக்கு வரும்வரை காத்திருந்தால் சாப்பிட மாட்டார் என்று தெரியும்.

உப்பு, பிறகுதான் தண்ணீர்

எல்லோரும் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறார்கள். என் அனுபவத்தில் உப்பைப் பிடித்தால் தண்ணீர் தானாகப் பாதி அடங்கும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு இருக்கிறது, உடம்பின் உப்புச்செறிவும் அதையொட்டியதுதான். அப்படியானால் 9 கிராம் உப்பு உள்ளே போனால் ஒரு லிட்டர் தண்ணீர் கேட்கும்வரை தாகம் விடாது. மனக்கட்டுப்பாடு என்று திட்டிப் பயனில்லை.

நாளுக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, ஒரு சிறு தேக்கரண்டி. நம் சமையலில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள்: ஊறுகாய், அப்பளம், கருவாடு, இக்கான் பீலிஸ் (காய்ந்த நெத்திலி), கிச்சாப் (சோயா சாஸ்), பெலாச்சான் (இறால் விழுது), மேகி பாக்கெட்டில் வரும் தூள், டின் சார்டின். அம்மாவின் பங்கைத் தனியாக எடுத்துவிட்டு மற்றவர்களுக்கு உப்புப் போடுவேன். அவர் தட்டில் எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை தாராளமாக இருக்கும். முதல் இரண்டு வாரம் சண்டை. பிறகு நாக்கு பழகிவிட்டது, இப்போது கடைச் சாப்பாடு அவருக்கே கரிக்கிறது.

சூப்பர்மார்க்கெட்டில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் போட்டிருப்பார்கள். இதய நோயாளிகள் சிலருக்கு நல்லதாக இருக்கலாம், நம் ஆளுக்கு ஆபத்து.

தண்ணீர் அளவு: பொதுவாக ஒரு நாளில் போகும் சிறுநீரின் அளவோடு 500 முதல் 750 மில்லி சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். சிறுநீரே போகாதவருக்கு அந்தச் சேர்ப்பு மட்டும்தான் மொத்தமும். காலையில் ஒரு போத்தலில் அந்த அளவை ஊற்றி வைப்போம். தே (தேநீர்), மருந்து விழுங்கும் தண்ணீர், ரசம், கஞ்சி, பாயசம், ஐஸ், தர்பூசணி எல்லாம் அதற்குள்ளே. தே குடித்தால் அதே அளவை போத்தலிலிருந்து கொட்டிவிட வேண்டும். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறும் எடை டிரை வெயிட்டில் 4 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும், அம்மாவுக்கு 2 கிலோ. ஒரு கிலோ ஏறினால் ஒரு லிட்டர் தண்ணீர் என்று அர்த்தம். தாகம் தாங்காதபோது எலுமிச்சைச் சாறு துளி விட்ட ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வார்.

பொட்டாசியம், ஒரு பழம் தவிர எல்லாம் அளவுதான்

காய்களைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் தாளியுங்கள். ஊறவைத்தால் மட்டும் போதும் என்று சொல்வார்கள், அதில் அவ்வளவாக இறங்காது. கொதிக்க வேண்டும். உருளைக்கிழங்கைச் சதுரமாக நறுக்கி வேகவைத்தால் ஏறத்தாழ பாதி போகும், துருவி வேகவைத்தால் இன்னும் அதிகம். கீரைக்கும் கங்கோங்குக்கும் இதே வழி. கீரை வேகவைத்த தண்ணீரைச் "சத்து" என்று குடிக்கக் கொடுக்கும் பாட்டிகள் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும்.

பழத்தில் நாளுக்கு ஒரு சிறு பங்கு: ஆப்பிள் பாதி, அன்னாசி ஒரு துண்டு, திராட்சை பத்துப் பன்னிரண்டு. வாழைப்பழம், டுரியான், கொய்யா மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். பாலிக் பூலாவ் டுரியான் காலத்தில் அம்மாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. ஒரு சுளை, டயாலிசிஸுக்குப் போகும் நாள் காலையில், அதுவும் பொட்டாசியம் நன்றாக இருக்கும் மாதத்தில் மட்டும் என்று டயட்டிஷியனிடம் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். புளி, தக்காளி, தேங்காய்ப்பால் மூன்றும் ஒரே குழம்பில் சேராமல் பார்த்துக்கொள்கிறேன்.

எந்த அளவிலும் கூடாத பழம் பெலிம்பிங், நட்சத்திரப் பழம். அதில் இருக்கும் ஒரு நச்சு சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பிலிருந்து வெளியேறாமல் மூளையைத் தாக்கும். நிற்காத விக்கல், வாந்தி, குழப்பம், வலிப்பு, சாவு வரை போகும். ரோஜாக் என்ற பழக்கலவைத் தட்டிலும் கலந்த பழ ஜூஸிலும் இது மறைந்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் விக்கலுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், பெலிம்பிங் சாப்பிட்டார் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

பொட்டாசியம் ஏறினால் உடனே சாப்பாட்டைக் குறை சொல்ல வேண்டாம். மலச்சிக்கல், டயாலிசிஸ் தவறுவது அல்லது பாதியில் எழுந்துவிடுவது, சர்க்கரை ஏற்றம், சில ரத்த அழுத்த மாத்திரைகள், இவையும் ஏற்றும். கால்கள் கனத்து வலுவில்லாமல் போனால், நெஞ்சு படபடத்தால், அவசரப் பிரிவுதான்.

பாஸ்பரஸ்

ஒரு தடவை டயாலிசிஸில் ஏறத்தாழ 800 மில்லிகிராம் பாஸ்பரஸ்தான் வெளியேறும். சாப்பாட்டில் வருவது அதைவிட அதிகம். மிச்சத்தைக் குடலிலேயே பிடித்துவைக்கத்தான் கால்சியம் கார்பனேட் மாதிரி மாத்திரை. அது சாப்பாட்டோடு உள்ளே போக வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காது. எங்கள் வீட்டில் உப்புக் குப்பி இருந்த இடத்தில் இப்போது இந்த மாத்திரைக் குப்பி இருக்கிறது.

இயற்கையாக உணவில் இருக்கும் பாஸ்பரஸ் முழுதாகச் சேராது. தொழிற்சாலையில் சேர்ப்பது கிட்டத்தட்ட முழுதாகச் சேரும். எனவே குறைக்க வேண்டியது மீனையும் முட்டையையும் இல்லை. கறுப்பு கோலா, சாசேஜ், நகெட், மீன் உருண்டை, பதப்படுத்திய சீஸ். லேபிளில் 'ஃபோஸ்ஃபாட்' என்ற மலாய்ச் சொல்லையோ 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை உள்ள எண்களையோ பார்த்தால் திரும்ப வைத்துவிடுங்கள். மைலோ, ஹார்லிக்ஸ், கெட்டிப்பால் தே தாரிக் ஆகியவற்றுக்குப் பதில் ஒரு சின்னக் கோப்பை தே ஓ, பால் சேர்க்காத தேநீர்.

வெளியே சாப்பிடும்போது

பினாங்கில் இருந்துகொண்டு நாசி கண்டாரை, அந்தக் குழம்புச் சோற்றை, தொடாதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "பாஞ்சிர்" (குழம்பில் மிதக்க விடுவது) வேண்டாம், "குவா சிக்கிட்" (குழம்பு கொஞ்சம்) என்று சொல்லுங்கள். சோறு, பொரித்த கோழி, முட்டை, வெண்டைக்காய், மேலே ஒரு கரண்டி குழம்பு. உப்பு அதிகம்தான், அன்று மற்ற வேளைகளில் ஈடுகட்டிவிடலாம். அசாம் லக்சாவில் சூப்பை விட்டுவிட்டு நூடுல்ஸையும் மீனையும் எடுத்துக்கொள்ளலாம்.

தைப்பூசம் தண்ணீர்மலையில் நடக்கும்போது பந்தலுக்குப் பந்தல் சீராப்பும் மோரும் கையில் திணிப்பார்கள், வழியெல்லாம் தேங்காய் உடைத்த தண்ணீர். இளநீர் குளிர்ச்சி என்று நினைப்போம், ஒரு கோப்பையில் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். அம்மா தன் சின்னப் போத்தலோடு போவார், பந்தலில் வாங்கியதை எனக்குக் கொடுத்துவிடுவார். வார இறுதிக் கல்யாண விருந்துகளில் கூடுதல் கவனம். திங்கள், புதன், வெள்ளி போகிறவர்களுக்கு ஞாயிறுதான் நீண்ட இடைவெளியின் கடைசி நாள், பொட்டாசியமும் தண்ணீரும் உச்சத்தில் இருக்கும் நாள்.

பார்க்க வருகிறவர்கள்

பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு, பூனை மீசைத் தேநீர், மெங்குடு ஜூஸ். பார்க்க வருகிறவர்கள் இந்த நான்கில் ஒன்றையாவது சொல்லாமல் போக மாட்டார்கள், கையிலேயே கொண்டுவருகிறவர்களும் உண்டு. இதில் முக்கால்வாசி சிறுநீரகக் கல்லுக்குச் சொன்ன வைத்தியம். கல் வேறு, சிறுநீரகம் செயலிழப்பது வேறு. பார்லித் தண்ணீர் கடைசியில் தண்ணீர்தான், போத்தல் கணக்கில் வரும். மற்றவற்றில் பொட்டாசியம் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள், அதற்குமேல் விவாதம் வேண்டாம்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சந்தா கட்டி வேலை பார்த்தவராக இருந்தால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) டயாலிசிஸ் உதவி உண்டா என்று முதலில் கேளுங்கள். பெட்டாலிங் ஜெயாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய சிறுநீரக அறநிறுவனத்துக்கு நாடு முழுக்க சென்டர்கள் இருக்கின்றன, விண்ணப்ப விவரங்களை அங்கே கேட்கலாம்.

மாதம் ஒருமுறை கையைப் பாருங்கள்

தராசு எங்களை ஏமாற்றியது எப்படி என்று பிற்பாடுதான் புரிந்தது. சதை குறையக் குறைய அந்த இடத்தில் தண்ணீர் நின்றது, எடை மட்டும் 52-லேயே இருந்தது. டிரை வெயிட்டைக் குறைக்க வேண்டிய நேரத்தில் நாங்கள் எடை குறையவில்லை என்று மகிழ்ந்துகொண்டிருந்தோம். கால் வீக்கமும் படுத்தால் மூச்சிரைப்பும் இருந்தால் எடை சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாமல் நர்ஸிடம் சொல்லுங்கள். நெற்றிப்பொட்டு உள்வாங்குகிறதா, தோள் எலும்பு துருத்துகிறதா, நாற்காலியில் கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள்.

அம்மாவுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு நான் செய்வது ஒன்றுதான். வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிப் பார்ப்பேன். இந்த மாதம் மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது.